மரங்களை எண்ணிய வழக்கறிஞர் ஆர்தர் கேய்லி

கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் வேறொன்று எனக் கிளை பிரிந்துகொண்டே போகும். இந்த அமைப்பைக் கணினித் துறையினர் 'மரம்' என்கின்றனர். கணிதத்தில் அந்தப் பெயரை 1857ஆம் ஆண்டு சூட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் கேய்லி. அப்போது அவர் பேராசிரியர் அல்லர். லண்டனில் சொத்துப் பத்திரங்கள் தயாரிக்கும் வழக்கறிஞர்.

1821 ஆகஸ்ட் 16ஆம் தேதி ரிச்மண்டில் பிறந்தார் கேய்லி. தந்தை ரஷ்யாவில் வணிகம் செய்ததால், சிறுவயது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கழிந்தது. பின்னர் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1842ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார்.

கல்லூரி அவருக்குப் பதவியும் தந்தது. ஆனால், அதில் நீடிக்க வேண்டுமென்றால் சமயகுருவாக வேண்டும் என்பது அக்கால விதி. கேய்லி அதை விரும்பவில்லை. சட்டம் பயின்று, 1849ஆம் ஆண்டு வழக்கறிஞரானார்.

சட்டத் துறையில் இருந்த சுமார் 14 ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட கணிதக் கட்டுரைகளை எழுதினார். பிழைப்புக்குத் தேவையான அளவு வழக்கு வேலை, மீதி நேரமெல்லாம் கணிதம் என்று வாழ்ந்தார். உற்ற நண்பராக வாய்த்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். யூதர் என்பதால் கேம்பிரிட்ஜில் பட்டம் மறுக்கப்பட்டவர் அவர்.

சில்வெஸ்டர் ஆராய்ந்த ஒரு நுண்கணிதச் சிக்கலே கேய்லியை மரங்களிடம் கொண்டு சேர்த்தது. வட்டம் ஏற்படாதபடி கோடுகளால் இணைந்த புள்ளிகள்தாம் இந்த மரம். வேரை நீக்கினால் மரம் சிறு சிறு மரங்களாகப் பிரியும். சிறியவற்றின் எண்ணிக்கை தெரிந்தால், பெரியவற்றை ஒவ்வொன்றாக வரையாமலே எண்ணிவிடலாம் என்று காட்டினார் கேய்லி. பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாக உடைக்கும் இந்த உத்தியே இன்றைய கணினி நிரல்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

1863ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. வழக்கறிஞர் வருமானத்தைவிடச் சம்பளம் குறைவு. தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

1875ஆம் ஆண்டு இந்த மரங்களை வேதியியலுக்குக் கொண்டு சென்றார். ஹைட்ரஜனுடன் மட்டும் சேரும் கரிம அணுக்கள் எத்தனை விதமாகக் கிளைக்கலாம் என்று கையாலேயே கணக்கிட்டார். 11 அணுக்கள் வரை விடை சரி. 12 அணுக்களுக்கு 355 என்பதற்குப் பதில் 357 என்றும், 13 அணுக்களுக்கு 802 என்பதற்குப் பதில் 799 என்றும் பிசகியது. கிளைகள் பெருகும் வேகம் அப்படிப்பட்டது.

1889ஆம் ஆண்டு அவர் எழுதிய சூத்திரம் அந்த வேகத்தை அளந்து காட்டியது. ஐந்து ஊர்களை மர வடிவில் இணைக்க 125 வழிகள். பத்து ஊர்களுக்கோ 10 கோடி. இதே முடிவை போர்ஷார்ட் என்ற ஜெர்மானியர் முன்பே கண்டிருந்ததையும் கேய்லி மறைக்கவில்லை.

அத்தனை வழிகளையும் சோதித்துச் சிக்கனமானதைத் தேர்வது நடவாத காரியம். 1926ஆம் ஆண்டு, மொராவியாவின் மின்கம்பித் திட்டத்திலிருந்து எழுந்த கேள்விக்கு ஒட்டகார் பொருவ்கா விடை தந்தார். ஒவ்வோர் ஊரையும் மிகக் குறைந்த செலவில் எட்டக்கூடிய ஊருடன் இணைத்து, உருவாகும் குழுக்களையும் அவ்வாறே இணைத்துச் சென்றால் போதும் என்றார்.

பெண்கள் உயர்கல்வி பெற வேண்டும் என்று பாடுபட்ட நியூன்ஹாம் கல்லூரிக்கும் கேய்லி துணை நின்றார். 1895 ஜனவரி 26ஆம் தேதி காலமானார். அவர் விட்டுச்சென்ற 900க்கும் மேற்பட்ட கட்டுரைகள் 13 தொகுதிகளாக வெளிவந்துள்ளன. பதவிக்காகக் கொள்கையையும், பணத்துக்காகக் கணிதத்தையும் விட்டுக்கொடுக்காத ஒருவரின் உழைப்பு அது.