ராணிக்கு சைக்கிள் செய்தவர்!

குழந்தைகளே... புது சைக்கிள் வாங்கக் கடைக்குப் போனால், முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நிறத்தைத் தானே! சிவப்பா, நீலமா, கறுப்பா என்று கண்கள் ஓடும். உங்கள் அப்பாவோ, வளர்கிற பிள்ளையாயிற்றே என்று ஒரு அளவு பெரியதாகக் கேட்பார். நிறம் உங்கள் விருப்பப்படி அமைந்துவிடும். கால் மட்டும் தரைக்கு எட்டாது. அப்புறம் என்ன... பாருக்கு அடியில் காலை நுழைத்து, குரங்குப் பெடல் தான்!

சைக்கிளின் அளவுக்கும் நிறத்துக்கும் பேர் போன ஒருவரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் எடோவார்டோ பியாங்கி. இத்தாலி நாட்டுக்காரர். பியாங்கி என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் வெள்ளை என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், அவருடைய சைக்கிள்கள் பெயர் பெற்றது வேறொரு நிறத்தால்!

பியாங்கி, 1865ம் ஆண்டு, ஜூலை 17ம் தேதி மிலான் நகரில் பிறந்தார். இத்தாலி என்ற ஒன்றுபட்ட நாடு உருவாகி அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறுவயதிலேயே மார்ட்டினிட் என்ற ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் வளரும்படி ஆயிற்று. மிலான் நகரில் பல நூறு ஆண்டுகளாகப் பெயர் பெற்ற இல்லம் அது. அங்கே வளரும் பிள்ளைகள் எழுத்துப் படிப்போடு ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்வர். பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய மூக்குக் கண்ணாடி நிறுவனத்தை உருவாக்கிய லியோனார்டோ டெல் வெக்கியோவும் அந்த இல்லத்தில் வளர்ந்தவர் தான்.

பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பியாங்கி இரும்பு வேலைக்குப் போனார். அரம் பிடித்து ராவுவது, துளை போடுவது, பற்ற வைப்பது எல்லாம் கை வேலையாகவே பழகின. 1885ல், 20 வயது ஆகும் போது, மிலான் நகரின் வியா நிரோனே என்ற தெருவில், 7ம் எண் கட்டடத்தில் ஒரு சிறிய பட்டறை திறந்தார்.

அங்கே என்ன செய்தார் தெரியுமா? டாக்டர்கள் அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தும் கருவிகள்! மயிரிழை பிசகினாலும் உதவாத வேலை. அந்தக் கை தான் சைக்கிளையும் செய்யத் தொடங்கியது.

அந்தக் காலத்து சைக்கிளை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். பின்சக்கரம் குட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். ஏன் அப்படி? பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. பெடலை ஒரு சுற்று மிதித்தால், சக்கரமும் ஒரே ஒரு சுற்று தான் சுற்றும். வேகமாகப் போக வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவது தவிர வேறு வழியில்லை. எவ்வளவு பெரிதாக்கலாம்? ஓட்டுபவரின் கால் எட்டும் அளவுக்கு! நீளக்காலருக்குப் பெரிய சக்கரம், குட்டைக்காலருக்குச் சின்னச் சக்கரம். சின்னப் பிள்ளைகள் பக்கத்திலேயே போக முடியாது. வழியில் ஒரு கல் தடுக்கினால் போதும், ஓட்டுபவர் தலைகுப்புற முன்னால் போய் விழுவார்.

பியாங்கி பட்டறை திறந்த அதே 1885ல், இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் ரோவர் என்ற சைக்கிளை வெளியிட்டார். பியாங்கியும் அதே வழியில் போனார். முன்சக்கரத்தைச் சிறியதாக்கி, பெடலைக் கீழே இறக்கி, செயின் மாட்டினார்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். பெடல் பக்கம் உள்ள பல் சக்கரத்தில் 48 பற்கள். பின்னால் 16 பற்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும்? மூன்று! இனிமேல் வேகத்துக்காக ராட்சதச் சக்கரம் தேவையில்லை அல்லவா? ஆளின் அளவுக்கு மாற வேண்டியது சக்கரம் இல்லை, பிரேம் தான் என்று ஆயிற்று. சைக்கிள் எல்லோருக்கும் பொதுவானது அப்போது தான்.

பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்பவர் 1888ல் காற்றடைத்த டயரை உருவாக்கினார். உடனே அதையும் தம் சைக்கிளில் பொருத்தினார் பியாங்கி. அதுவரை கெட்டி ரப்பரில் தடதடவென்று ஓடிய வண்டி, மெத்தென்று ஓடியது.

இப்போது ராணி கதைக்கு வருவோம்.

இத்தாலியின் ராணி மார்கெரிட்டா, மன்னர் முதலாம் உம்பர்ட்டோவின் மனைவி. மார்கெரிட்டா பீட்சா என்று கேள்விப்பட்டிருப்பீர்களே... அது இவர் பெயரில் தான் வழங்குகிறது! அந்த ராணிக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. அப்போது அவருக்கு 40 வயது தாண்டிவிட்டது. பெண்கள் சைக்கிள் ஓட்டுவது அழகல்ல என்று பெரியவர்கள் முகம் சுளித்த காலம் அது. 1895ல், மோன்சா நகரில் இருந்த அரண்மனைக்கு பியாங்கியை வரவழைத்தனர்.

யோசித்துப் பாருங்கள்... ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த 30 வயது பட்டறைக்காரர், நாட்டின் ராணிக்கு வாத்தியார்! ராணி விழுந்து கை காலை ஒடித்துக்கொண்டால், பட்டறையை மூடிவிட்டுப் போக வேண்டியது தான்.

ஆண்களுக்கான சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு பார் இருக்கிறதல்லவா? கணுக்கால் வரை கவுன் அணிந்த ஒருவர் அதைத் தாண்டிக் காலைப் போட முடியாது. அதனால், ராணிக்கென்றே ஒரு சைக்கிளை வடிவமைத்தார் பியாங்கி. பாரைத் தாழ இறக்கி, காலை எளிதாக எடுத்து வைத்து ஏறும்படி செய்யும் முறை அது. இங்கிலாந்தில் அத்தகைய சைக்கிள்கள் ஏற்கெனவே வந்திருந்தன. இத்தாலியில் அது பெரிய புதுமை. நாம் இன்று லேடீஸ் சைக்கிள் என்கிறோமே, அந்த ஜாதி.

பாரை இறக்குவது என்ன பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று குச்சிகளை நுனியில் கட்டி ஒரு முக்கோணம் செய்யுங்கள். அழுத்திப் பாருங்கள், வடிவம் மாறாது. நான்கு குச்சிகளைக் கட்டி அழுத்துங்கள், கோணிக்கொண்டு போகும். சைக்கிள் பிரேமின் பலமே அதில் உள்ள முக்கோண அமைப்பில் இருக்கிறது. மேல் பாரைக் கீழே இறக்கினால் முக்கோணம் கெட்டு, பிரேம் நெளியத் தொடங்கும். ஆகவே, குழாயைத் தடிமனாக்க வேண்டும்; இணைப்புகளைக் கூடுதல் கவனத்தோடு பற்ற வைக்க வேண்டும். கூடவே எடை ஏறும். ஏறுவதற்கும் சுலபமாக இருக்க வேண்டும், ஒடியவும் கூடாது!

ராணி சைக்கிள் கற்றுக்கொண்டார். பியாங்கிக்கு அரண்மனைக்குச் சைக்கிள் வழங்குபவர் என்ற பெருமை கிடைத்தது. பியாங்கி சைக்கிள்களில் கிரீடம் சூடிய கழுகுச் சின்னத்தைப் பார்க்கலாம். அரச குடும்பத் தொடர்பை நினைவூட்டுவது அது. முகம் சுளித்தவர்கள்? ராணியே ஓட்டும் போது யார் வாய் திறப்பர்!

இதே சமயத்தில் மிலான் நகரில் இன்னொன்றும் நடந்தது. 1894, நவம்பரில், 57 சைக்கிள் பிரியர்கள் கூடி ஒரு சுற்றுலாச் சங்கம் தொடங்கினர். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் போய் நாட்டைப் பார்ப்பது அவர்களுடைய ஆசை. பிற்காலத்தில் இத்தாலி முழுக்க வழிகாட்டிப் பலகைகள் நட்டதும், வரைபடங்கள் அச்சிட்டதும் அந்தச் சங்கம் தான்.

இப்படி நெடுந்தூரம் போகிறவருக்கு அளவு சரியாக இருப்பது ரொம்ப முக்கியம். பக்கத்துக் கடைக்குப் போய் வர எந்தச் சைக்கிளும் போதும். நாள் முழுக்க மிதித்தால் தான், அளவு தவறிய சைக்கிள் முழங்காலிலும் முதுகிலும் தன் வேலையைக் காட்டும். நீங்களே அளந்து பார்க்கலாம். பார் உள்ள சைக்கிளில், இரண்டு பக்கமும் கால் போட்டுத் தரையில் நில்லுங்கள். பாருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளியாவது இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். எஃகு பிரேமை இழுத்து நீட்ட முடியாதே! பின்னால் பை மாட்டி ஊர் சுற்றும் சைக்கிள் என்றால் இன்னும் ஒன்று... இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சற்று நீளமாக வைப்பர். அப்போது தான் மிதிக்கும் போது குதிகால் பையில் இடிக்காது. மேடு பள்ளத்திலும் உடம்பு அதிராது.

சரி, நிறத்துக்கு வருவோமா?

எஃகுக்குத் துரு பெரிய எதிரி. பெயின்ட் அழகுக்காக மட்டும் அடிப்பதில்லை; முதலில் அது பிரேமுக்குச் சட்டை. குழாய்களைப் பற்ற வைத்து, அரத்தால் வழித்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பூச்சுப் பூசி, சூடான அறையில் வாட்டி எடுப்பர். அந்தக் காலத்தில் பெரும்பாலான சைக்கிள்கள் கறுப்பு தான். தார் வகைப் பொருள் கலந்த கறுப்புப் பூச்சு, சூட்டில் கெட்டிப்பட்டுக் கல் மாதிரி ஆகிவிடும். கிரீஸ் கறையும் தெரியாது.

பியாங்கி சைக்கிளின் நிறமோ கறுப்புக்கு நேர் மாறு. நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் குழைத்துப் பால் ஊற்றியது போல இருக்கும். இத்தாலியர் அதை செலெஸ்தே என்பர். வான் நிறம் என்று அர்த்தம்.

இந்த நிறம் எப்படி வந்தது என்பதற்கு மூன்று கதைகள் சொல்கின்றனர். ராணி மார்கெரிட்டாவின் கண்களின் நிறம் என்பது ஒன்று. மிலான் நகரத்து வானத்தின் நிறம் என்பது இன்னொன்று. ராணுவத்துக்கு வாங்கி மிச்சமான பெயின்டில் வேறு பெயின்டைக் கலந்ததில் பிறந்த நிறம் என்பது மூன்றாவது. உங்களுக்கு எந்தக் கதை பிடித்திருக்கிறது? எனக்கு மூன்றாவது தான். பட்டறை வேலை தெரிந்தவர் ஒரு டப்பா பெயின்டை வீணாக்க மாட்டார். அதோடு, ஆண்டுக்கு ஆண்டு அந்த நிறமும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கிறது. சில காலம் நீலம் தூக்கல், சில காலம் பச்சை தூக்கல்!

வெளிர் நிறத்தில் ஒரு லாபமும் உண்டு. எங்கேயாவது கீறல் விழுந்து துரு பிடித்தால், பழுப்பாக உடனே கண்ணில் படும். மாலை மங்கிய வெளிச்சத்திலும் எதிரே வருபவருக்குச் சைக்கிள் தெரியும்.

பட்டறை, தொழிற்சாலை ஆனது. மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் செய்தார் பியாங்கி. 1914ம் ஆண்டில் அவருடைய நிறுவனம் 45 ஆயிரம் சைக்கிள்கள் செய்தது. முதல் உலகப் போரில் இத்தாலி இறங்கிய போது, பெர்சலியெரி என்ற படைப் பிரிவுக்காக மடிக்கும் சைக்கிளும் அங்கே தயாரானது. மலைப் பாதையில் ஓட்ட முடியாத இடம் வந்தால், வீரர்கள் அதை மடித்து முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த போது இத்தாலி நொந்து கிடந்தது. மிலான் நகரில் குண்டு விழாத பகுதி குறைவு. 1946, மார்ச் 19ம் தேதி, மிலான் நகரிலிருந்து கடலோரத்துச் சான்ரெமோ வரை, கிட்டத்தட்ட 290 கி.மீ., தூரத்துக்குச் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஃபாஸ்டோ கோப்பி என்ற வீரர் பியாங்கி அணிக்காக ஓட்டினார். போரில் கைதியாகப் பிடிபட்டு மீண்டு வந்தவர் அவர். நீண்ட கால்கள், ஒல்லியான உடம்பு. எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு முன்னேறிய கோப்பி, இரண்டாவதாக வந்தவரை விட 14 நிமிடங்கள் முந்தி வந்து சேர்ந்தார். சாலையோரம் காத்திருந்தவர்களுக்கு வெகு தூரத்திலேயே அந்த நீலப்பச்சை நிறம் தெரிந்திருக்கும்.

அதே 1946ல், ஒரு கார் விபத்தைத் தொடர்ந்து, எடோவார்டோ பியாங்கி காலமானார். அவருக்கு வயது 80ஐ எட்டிவிட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, கோப்பி பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தையும் பியாங்கி சைக்கிளில் வென்றார்.

நிறுவனம் இன்றும் நடக்கிறது. செலெஸ்தே நிறத்தில் சைக்கிள்கள் இப்போதும் வருகின்றன. அதன் சைக்கிள் வகைகளில் ஒன்றுக்கு வியா நிரோனே 7 என்று பெயர் வைத்திருந்தனர். என்ன இது, விலாசம் மாதிரி இருக்கிறதே என்று கடையில் பார்த்த பலர் யோசித்திருப்பர். உங்களுக்குத் தான் அந்த விலாசம் தெரியுமே!