மலையில் பீர் காய்ச்சிய துரை

இலங்கையில் நுவரெலியா என்றால் நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். நம் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து போன மக்கள் வியர்வை சிந்தி வளர்த்த தேயிலை. ஆனால் சீமையிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. நுவரெலியா என்று சொன்னால் அவர்கள் தேயிலையை நினைப்பதில்லை. கறுத்த பீரைத்தான் நினைக்கிறார்கள்.

அதற்கு 'லயன் ஸ்டவுட்' என்று பெயர். சாதாரண பீரில் சாராயச் சத்து நூற்றுக்கு 5 பங்கு இருக்கும். இதில் 8.8 பங்கு. பெல்ஜியம் நாட்டு மடங்களில் துறவிகள் காய்ச்சும் கடுமையான கறுப்பு பீருக்கு ஏறக்குறைய சமம். பீரை ருசி பார்த்துத் தரம் சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் (பாட்டுக்காரர் அல்ல, வேறொருவர், 2007-ல் காலமானார்) பெல்ஜிய மடத்து பீர்களை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர். அவரே இந்த இலங்கைச் சரக்கையும் வெகுவாகப் புகழ்ந்து எழுதினார். அதன் பிறகுதான் வெளிநாட்டார் இதைத் தேடத் தொடங்கினார்கள்.

தரம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கண். கோப்பையில் ஊற்றினால் அந்தப் பக்கம் தெரியக்கூடாது. நுரை வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக நிற்க வேண்டும். அடுத்து மூக்கு. இந்த பீரில் வறுத்த காப்பிக்கொட்டை வாசனையும், சாக்லேட், உலர்ந்த பழம், வெல்லப்பாகு ஆகியவற்றின் வாசனையும் வரும் என்கிறார்கள். பார்லியை முளைகட்டிக் கருக வறுப்பதால் வருவது அது. பெல்ஜிய மடத்து பீரிலோ கறுப்பு நிறம் பெரும்பாலும் காய்ச்சிய சர்க்கரைப் பாகிலிருந்து வருகிறது; அதனால் அங்கே கசப்பு குறைவு, திராட்சை வாசனை அதிகம். கடைசியில்தான் நாக்கு. ஒயின் ருசி பார்ப்பவர் துப்பிவிடுவார். பீர் ருசி பார்ப்பவர் ஒரு வாயாவது விழுங்குவார். விழுங்கிய பிறகு தொண்டையில் எது நிற்கிறது என்பதற்கும் மார்க் உண்டு. ஐஸில் வைத்தால் எல்லா ருசியும் செத்துவிடுமாம்.

நமக்கு வேண்டியது பீர் அல்ல; அதற்கு முதல் அடுப்பு மூட்டிய மனிதரின் கதை. தன் தொழில் 1849-ல் நுவரெலியாவில் அவர் நடத்திய சிறு காய்ச்சலில்தான் பிறந்தது என்று அந்த பீர் ஆலை தன் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறது. அவர்தான் சர் சாமுவேல் ஒயிட் பேக்கர்.

ஜுரம் காட்டிய வழி

பேக்கர் 1821-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி லண்டனில் பிறந்தவர். தகப்பனார் கப்பலும் தோட்டமும் உள்ள பெரிய வியாபாரி. 1843-ல் ஹென்றியெட்டா என்ற பெண்ணை மணந்தார். அதே நாளில் அவருடைய சகோதரர் ஜான், பெண்ணின் சகோதரியை மணந்தார். சில காலம் மொரீஷியஸ் தீவில் தகப்பனாரின் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அதில் மனம் ஒட்டவில்லை. யானை வேட்டை ஆசையில் 1846-ல் இலங்கைக்கு வந்தார்.

வேட்டையாடியவரைக் காட்டு ஜுரம் பிடித்துக்கொண்டது. பிழைத்தால் போதும் என்ற நிலையில் நுவரெலியாவுக்குத் தூக்கிப் போனார்கள். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ள இடம். இரண்டு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார். குளிர்ந்த காற்று, தெளிந்த நீர், காலியாகக் கிடந்த நிலம். இங்கே ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே உண்டாக்கிவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

1848-ல் கப்பல் கப்பலாக ஏற்பாடு நடந்தது. உழவர்கள், கொல்லர், பசுக்கள், செம்மறி ஆடுகள், குதிரைகள், வேட்டை நாய்கள், விதை, கலப்பை எல்லாம் வந்தன. வந்தவற்றில் எத்தனை மலை ஏறின என்பதுதான் கேள்வி. உயர்ந்த ஜாதிப் பசு ஒன்று வழியிலேயே செத்தது. பெர்க்ஸ் என்ற வண்டிக்காரன் குடித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பள்ளத்தில் தள்ளினான். உடைந்த வண்டியை இழுத்துவர ஒரு யானையை அனுப்பினார்கள். அவன் அந்த யானையின் மேல் ஏறி, குதிரையை விரட்டுவதுபோல் மலைப்பாதையில் விரட்டினான். யானையும் செத்தது! பேக்கர் இதையெல்லாம் தம் புத்தகத்தில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். யானைக்குச் சிரிப்பு வந்திருக்காது.

பண்ணையிலும் அதே கதைதான். பச்சையாகத் தெரிந்த மண்ணுக்குள் சத்து இல்லை. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரைக் காட்டுப்பன்றியும் மானும் மேய்ந்தன. கோமாரி வந்து மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். பேக்கர் யானையைக் கலப்பையில் பூட்டினார், எருவைக் கொட்டினார், மறுபடி விதைத்தார். நாளடைவில் பண்ணை நிமிர்ந்தது.

பீர் காய்ச்சுவதற்கு மலைக்குளிர் ஒரு வரம். ஐஸ் யந்திரம் இல்லாத காலத்தில், கொழும்பு வெப்பத்தில் பீர் புளித்துக் கெட்டுவிடும். நுவரெலியாவில் அந்தப் பயம் இல்லை. காப்பித் தோட்டத்துத் துரைமாரும் ஜுரம் தணிக்க வந்த அதிகாரிகளும்தான் வாடிக்கைக்காரர்கள். அந்தக் காப்பித் தோட்டங்களுக்கு நம் தமிழர்கள் மன்னார் வழியாகக் காடு மேடெல்லாம் நடந்து போய்க்கொண்டிருந்தது அதே ஆண்டுகளில்தான். வழியிலேயே காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் தங்கி இளைப்பாற நுவரெலியா கிடைக்கவில்லை.

1855-ல் பேக்கர் குடும்பத்தோடு இலங்கையை விட்டார். உடல் நலம் கெட்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிரான்ஸ் நாட்டில் ஹென்றியெட்டா விஷ ஜுரத்தில் இறந்தாள். தாயில்லாத நான்கு பெண் குழந்தைகளைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு, பேக்கர் திக்குத் தெரியாமல் அலைந்தார்.

சந்தையில் கண்ட பெண்

1859-ல் நம் பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்குடன் டான்யூப் நதியில் படகில் போனார். விதின் என்ற துருக்கிப் பட்டணத்தில் படகு தங்கியது. அங்கே அடிமைச் சந்தை. விலைக்கு நின்றவர்களில் ஓர் இளம் பெண். ஹங்கேரி நாட்டுப் போரில் பெற்றோரை இழந்தவள். ஊர்ப் பாஷா அதிக விலைக்குக் கேட்டுவிட்டதாகவும், காவலாளிக்குப் பணம் கொடுத்து பேக்கர் அவளை இரவோடு இரவாகக் கொண்டுபோனதாகவும் சொல்கிறார்கள். அவள்தான் புளோரன்ஸ்.

இருவரும் 1861-ல் எகிப்திலிருந்து நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். பட்ட கஷ்டத்துக்கு அளவில்லை. புளோரன்ஸ் வெயில் தாக்கி நாள் கணக்கில் நினைவில்லாமல் கிடந்தாள். ஆட்கள் அவளுக்குக் குழி தோண்டப் போன நேரத்தில் கண் விழித்தாள். புன்யோரோ அரசன் காம்ராசி என்று சொல்லிக்கொண்டவன், அவளைத் தன்னிடம் விட்டுப் போகும்படி கேட்டான். பேக்கர் கைத்துப்பாக்கியை அவன் மார்பில் நீட்டினார். 1864-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஒரு பெரிய ஏரியைக் கண்டார்கள். அதற்கு ஆல்பர்ட் ஏரி என்று பேர் வைத்தார்.

திரும்பும் வழியில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். மருந்து தீர்ந்துவிட்டது. ஜுரம் விடவில்லை. நுவரெலியாக் கைப்பழக்கம் அப்போது உதவிற்று. பானையும் கெண்டியும் வைத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து சாராயம் இறக்கினார்! அதைக் குடித்துத்தான் தம் ஜுரம் விட்டது என்று நம்பினார். வைத்தியர்கள் ஒப்புக்கொள்வார்களா, தெரியாது. அரசன் காம்ராசிக்கு மட்டும் மிகவும் பிடித்துப்போயிற்று.

விஷம் கலந்த குடம்

1865-ல் லண்டனில் புளோரன்ஸை முறைப்படி மணந்தார். மறு ஆண்டு சர் பட்டம் கிடைத்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே கூட வாழ்ந்தவள் என்பதால் விக்டோரியா மகாராணி புளோரன்ஸைத் தம் சபையில் ஏற்கவில்லை. காட்டில் கணவனோடு சாகத் துணிந்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது.

1869-ல் எகிப்து அரசர் இஸ்மாயில், நைல் நதிக்கரையில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க பேக்கரை நியமித்தார். ஆண்டுக்கு 10,000 பவுன் சம்பளம். சந்தையில் விற்க நின்ற பெண்ணும் கூடப் போனாள். நோக்கம் நல்லது, ஆனால் அதே கையோடு பிறர் நாட்டையும் எகிப்தோடு சேர்க்கப் பார்த்தார். 1872-ல் புன்யோரோவைச் சேர்த்துவிட்டதாகக் கொடி ஏற்றினார். காம்ராசியின் மகன் கபரேகா விடுவானா? பேக்கரின் சிப்பாய்களுக்குக் குடம் குடமாக வாழைப்பழக் கள் அனுப்பினான். குடித்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். கள்ளில் விஷம்! பேக்கர் கடுகையும் உப்பையும் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்றினார். மறுநாள் விடிந்ததும் போர். ஊர் எரிந்தது. பேக்கர் பின்வாங்க வேண்டியதாயிற்று. 1873-ல் உத்தியோகம் முடிந்தது. அடிமை வியாபாரம் குறைந்தது, முற்றிலும் ஒழியவில்லை.

கடைசிக் காலத்தை இங்கிலாந்தில் டெவன் ஜில்லாவில் கழித்தார். 1893-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். புளோரன்ஸ் 1916 வரை அதே வீட்டில் இருந்தாள்.

நுவரெலியாவில் 1881-ல் பெரிய ஆலை எழுந்தது. கறுப்பு பீருக்குப் பேர் கிடைத்ததெல்லாம் பேக்கருக்குப் பிறகுதான். பின்னாளில் ஆலை மலையிலிருந்து இறங்கி, கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்குப் போய்விட்டது. போத்தலின் மேல் இருப்பது சிங்கத்தின் பேர். பேக்கரின் பேரைப் பார்க்க வேண்டுமானால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக வேண்டும். அங்கே ஓர் அருவிக்கு அது இருக்கிறது.