தீபாவளி ராக்கெட்டில் அரிசி, சேவல்.. 1935-லேயே ஆற்றைத் தாண்டி பார்சல் அனுப்பிய ஸ்டீபன் ஸ்மித் யார்?

வெள்ளம் வந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் மக்கள் மாட்டிக்கொண்டால், இன்று டிரோனில் மருந்து அனுப்பலாம். காரைக்கால் மண்டபத்தூர் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை நல்லாவே தெரியும். டிரோன் எல்லாம் இல்லாத காலத்தில் இதற்கு ஒருவர் கண்டுபிடித்த வழி, நம்ம வீட்டு வாசலில் காலி பாட்டிலில் நிறுத்திக் கொளுத்துகிற தீபாவளி ராக்கெட்!

அவர் பெயர் ஸ்டீபன் ஹெக்டர் டெய்லர் ஸ்மித். 1891-ல் ஷில்லாங்கில் பிறந்தவர். பள்ளி நாட்களிலேயே பல்லியைப் பிடித்து ராக்கெட்டில் கட்டி விட்ட ஆள். கொல்கத்தாவில் சுங்கத்துறை, போலீஸ் வேலை பார்த்து, பிறகு பல் டாக்டர் ஆனார். ஆனால் மனசு முழுக்க விமானத் தபால்தான். 1911-ல் அலகாபாத்தில் உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமானத் தபால் பறந்த நாடு இது. விமானம் இறங்க முடியாத இடத்துக்கு ராக்கெட் போகட்டுமே என்பது ஸ்மித்தின் கணக்கு.

முதல் முயற்சி 1934 செப்டம்பர் 30. கப்பலில் இருந்து சாகர் தீவை நோக்கி விட்டார். ராக்கெட் நடுவானில் வெடித்தது, கடிதங்கள் சிதறின. அவர் விடவில்லை.

அடுத்த ஏப்ரலில் சிக்கிம் மன்னர் ஆதரவோடு மலை ஆறுகளுக்கு மேல் தபாலும் பார்சலும் பறந்தன. 1935 மே 31-ல் குவெட்டா நிலநடுக்கம் பல்லாயிரம் பேரைக் கொன்றது. ஜூன் மாதமே ரூப்நாராயண் ஆற்றுக்கு மேல் அரிசி, தானியம், மசாலா, கூடவே பீடியும் அனுப்பிக் காட்டினார் ஸ்மித். பேரிடரில் இது உதவும் என்று அரசுக்குப் புரியவைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அதே மாதம் 29-ம் தேதி நடந்ததுதான் பெரிய கூத்து. ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் ஏற்றி தாமோதர் ஆற்றுக்கு மேல் அனுப்பினார். மணலில் மோதி இறங்கியும் இரண்டும் பிழைத்தன. ஆதாம், ஏவாள் என்று பெயராம்! இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் வழக்குதான் பாயும்.

அப்புறம் ஏன் இது நிலைக்கவில்லை? வெடிமருந்து ராக்கெட்டைப் பற்றவைத்த பிறகு திருப்பவோ நிறுத்தவோ முடியாது. கொஞ்சம் காற்று அடித்தாலே திசை மாறும். மருந்து சீராக எரியாவிட்டால் வானத்திலேயே வெடிக்கும். நாலு ராக்கெட்டில் ஒன்று தவறினால்கூட, பசியோடு காத்திருப்பவருக்கு அது பெரிய இழப்புதானே. இன்னொரு பக்கம் விமானங்கள் வேகமாக வளர்ந்தன. போர்க்காலத்தில் வெடிமருந்துக்கும் தட்டுப்பாடு.

ஆனாலும் 1944 வரை சுமார் 270 ராக்கெட்டுகள் விட்டார். அதில் 80-க்கு மேல் தபால் சுமந்தவை. 1951-ல் இறந்தார். தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதற்கு 12 வருஷம் கழித்து, 1963-ல். ஸ்மித்துக்கு 1992-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அவருடைய ராக்கெட்டில் பறந்த கடித உறைகளை, தபால்தலை சேகரிப்பவர்கள் இன்னமும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.