இரண்டு முறை குரலை இழந்த எம்.ஜி.ஆர்.! பக்கவாதம் வந்தால் மூளையின் எல்லையில் என்ன நடக்கிறது?

திருநீர்மலையில் இருந்து பல்லாவரம், பரங்கிமலை தாண்டிப் போனால் ராமாவரம். எம்.ஜி.ஆர். வாழ்ந்த தோட்டம் அங்கேதான் இருக்கு. காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கான பள்ளியும் அங்கேயே நடக்கிறது. அந்த வீட்டுக்காரரே குரலை இரண்டு முறை பறிகொடுத்தவர். முதல் முறை துப்பாக்கிக் குண்டு. அடுத்த முறை பக்கவாதம்.

பசியில் தொடங்கிய பயணம்

1917 ஜனவரி 17ஆம் தேதி இலங்கையின் கண்டி அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, தாய் சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமை துரத்த, சிறுவனாகவே நாடகக் கம்பெனிக்குப் போனார். 1936ல் 'சதிலீலாவதி'யில் சின்ன வேஷம். 'ராஜகுமாரி'யில் கதாநாயகன் ஆனது 1947ல்தான். இடையில் 11 வருஷக் காத்திருப்பு!

முதல் அடி: 1967

1967 ஜனவரி 12. ராமாவரம் வீட்டுக்கு வந்த நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் மாறிப்போச்சு. கழுத்தில் கட்டோடு இருக்கும் போஸ்டர்தான் பிரசாரம். பரங்கிமலைத் தொகுதிக்குள் ஓட்டு கேட்டுப் போகாமலேயே எம்.எல்.ஏ. ஆனார். மாறிய குரலோடே மேலும் பத்து வருஷம் நடித்தார்.

1972ல் அ.தி.மு.க.வைத் தொடங்கி, 1977ல் முதல்வரானார். பசியை அறிந்தவர் என்பதால் 1982 ஜூலை 1ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

இரண்டாவது அடி: 1984

1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சில நாட்களிலேயே பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் தனி விமானத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில், அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகம் அங்கே பொருத்தப்பட்டது.

பக்கவாதம் வந்தால் மூளையில் என்ன ஆகுது?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ, வெடித்தாலோ அந்தப் பகுதி செல்கள் நிமிஷக் கணக்கில் சாக ஆரம்பிக்கும். ஆனால் சேதம் அதோடு நிற்பதில்லை.

மூளையைச் சுற்றி மூன்று சவ்வுகள் இருக்கு. உள்ளே நுழையும் ரத்தக்குழாய்களைச் சுற்றி மெல்லிய இடைவெளியும் இருக்கு. ஊர் எல்லையில் காவல் தெய்வம் நிற்பது போல, இந்த இடங்களில் 'மேக்ரோஃபேஜ்' என்ற நோய் எதிர்ப்பு செல்கள் நிற்கின்றன. சாதாரண நாளில் இவற்றின் வேலை கிருமியைக் கவனிப்பது, கழிவை விழுங்குவது.

பக்கவாதம் வந்ததும் இவை அபாய மணி அடிக்கின்றன. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடி வருகின்றன. ரத்தக்குழாய்ச் சுவர் கசிகிறது, மூளை வீங்குகிறது. காப்பாற்ற வந்த படையே நல்ல செல்களையும் மிதித்துவிடுகிறது.

2018ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்கு இந்த எல்லைச் செல்களை முன்பே நீக்கிப் பார்த்தார்கள். கசிவும் குறைந்தது, வெள்ளை அணுக்களின் படையெடுப்பும் குறைந்தது. அதே ஆண்டு இன்னோர் ஆய்வு, மண்டையோட்டு மஜ்ஜையில் இருந்தே நுண்ணிய வாய்க்கால்கள் வழியாக வெள்ளை அணுக்கள் மூளைப் பக்கம் வருவதைக் காட்டியது.

அப்போ இந்தச் செல்களை ஒழித்துவிடலாமா? முடியாது. செத்த செல்களை அள்ளிக் கொட்டும் துப்புரவு வேலையை மேக்ரோஃபேஜ்கள்தான் செய்ய வேண்டும். எப்போது அடக்குவது, எப்போது விடுவது என்பதுதான் கேள்வி. மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை.

அன்றும் இன்றும்

1984ல் பக்கவாதத்துக்கு என அனுமதிக்கப்பட்ட, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி கிடையாது. அமெரிக்காவிலேயே 1996ல்தான் வந்தது. அடைப்பால் வந்த பக்கவாதமாக இருந்து, நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய்ச் சேர்ந்தால் இன்று அந்த ஊசி போட வாய்ப்பு உண்டு. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகும்னு காத்திருக்கக் கூடாது. உடனே 108.

பேச முடியாத முதல்வர்

1984 டிசம்பர் தேர்தலில் புரூக்ளின் படுக்கையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார் எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமாக ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மூன்றாவது முறை முதல்வரானார். ஆனால் பேச்சு தெளிவாகத் திரும்பவே இல்லை. வசனத்தால் கோடிப் பேரைக் கட்டிப்போட்டவர், மேடையில் ஒவ்வொரு சொல்லுக்கும் போராடினார்.

1987 டிசம்பர் 24ல் இறந்தார். அதே ஆண்டில் எழுதிய உயிலில், காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்காக ராமாவரம் தோட்டத்தில் இடம் ஒதுக்கியிருந்தார். பேச்சு இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எழுதிய உயில் அது.