இந்தியாவின் முதல் அரசியல் படம் என்ன ஆச்சு? யார் இந்த ஹிராலால் சென்?

போராட்டம் நடந்தா உடனே போனை எடுத்து வீடியோ எடுக்கிறீங்க இல்லையா? 1905-லேயே அதைச் செய்தவர் ஹிராலால் சென்.

இன்றைய வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் பிறந்த புகைப்படக் கலைஞர் இவர். 1898-ல் சகோதரர் மோதிலாலுடன் சேர்ந்து ராயல் பயாஸ்கோப் கம்பெனியைத் தொடங்கினார். கல்கத்தா மேடை நாடகங்களைப் படம்பிடித்துத் திரையிட்டார்.

1905-ல் வங்கத்தை இரண்டாகப் பிரிக்க முடிவெடுத்தார் வைஸ்ராய் கர்சன். செப்டம்பர் 22 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. அதைப் படம்பிடித்த சென், சுதேசிப் படம் என்றே விளம்பரம் செய்து திரையிட்டார். அது செய்தியா, பிரசாரமா? இரண்டும்தான். இந்தியாவின் முதல் அரசியல் படமாகப் பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

சரி, அதை எங்கே பார்க்கலாம்? எங்கேயும் முடியாது. 1917 அக்டோபரில் ஏற்பட்ட தீ விபத்தில் அவருடைய படச்சுருள்கள் எரிந்துபோயின. அதே மாதம் புற்றுநோயால் அவரும் இறந்தார். அந்தப் படத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அன்றைய விளம்பரங்கள் வழியாகத்தான்.

பழைய படங்களைப் பாதுகாக்க புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் வந்தது 1964-ல், அதாவது 47 ஆண்டுகள் கழித்து. அங்கேயும் 2003-ல் தீப்பிடித்து, எளிதில் எரியும் நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன.

உங்க போன்ல இருக்கிற அந்தப் போராட்ட வீடியோவுக்கு இன்னொரு காப்பி இருக்கா?