தொட்டதும் பாட்டு கேட்டது!

குழந்தைகளே! நேற்று மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? டிபன் பாக்ஸைத் திறந்ததும் என்ன வாசனை வந்தது? கண்ணை மூடி யோசித்தால் படம் போல வருகிறது அல்லவா? இவ்வளவு நேரம் அந்தப் படம் எங்கே ஒளிந்திருந்தது? ஆபரேஷன் மேஜை அருகே நின்றபோது இந்தக் கேள்வி ஒரு டாக்டரைப் பிடித்துக் கொண்டது. அவர் பெயர் வைல்டர் பென்ஃபீல்டு.

1891ம் ஆண்டு, அமெரிக்காவில் உள்ள ஸ்போகேன் நகரில் பிறந்தார். அப்பா டாக்டர். பையனோ கல்லூரியில் விளையாட்டில் புலி! பிறகு மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனார். முதல் உலகப்போர் நேரம் அது. 1916ல் அவர் போன கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. கால் எலும்பு முறிந்தது; உயிர் தப்பியது.

1928ல் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கு வேலைக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஒரு பெரிய சோதனை. அவருடைய அக்கா ரூத்துக்குப் பல வருடங்களாக வலிப்பு வந்து கொண்டிருந்தது. காரணம், மூளையில் கட்டி. சொந்த அக்காவுக்கு யாருக்குத்தான் கத்தி எடுக்க மனசு வரும்? பென்ஃபீல்டே ஆபரேஷன் செய்தார். கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை. ரூத் எழுந்து வீட்டுக்குப் போனார். ஆனால், விருந்தாளிக்குச் சமைக்கும்போது எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று புரியாமல் திணறினார். 1931ல் இறந்து போனார்.

மூளை நோய்களுக்கென்றே தனி ஆஸ்பத்திரியும் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்று பென்ஃபீல்டு ஓயாமல் முயன்றார். 1934ல் மாண்ட்ரியல் நரம்பியல் நிலையம் திறக்கப்பட்டது.

அங்கே அவர் செய்த ஆபரேஷனைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நோயாளி தூங்க மாட்டார். விழித்தபடி பேசிக் கொண்டே இருப்பார்! தலைத்தோல் மட்டும் மரத்துப் போக ஊசி போடுவார்கள். மூளையைத் தொட்டால் வலிக்காது என்பது தெரியுமா? மெல்லிய மின்சாரக் கம்பியால் டாக்டர் மூளையில் ஒவ்வொரு இடமாகத் தொடுவார். ஒரு இடத்தைத் தொட்டால் விரல் ஆடும். இன்னொரு இடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கும். அங்கெல்லாம் நம்பர் போட்ட சின்னச் சீட்டு வைப்பார். வலிப்பு கிளம்பும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. காதுக்குச் சற்று மேலே உள்ள பகுதியைத் தொட்டதும், ஒரு பெண்ணுக்குப் பாட்டு கேட்டது. அறையில் யாரோ இசைத்தட்டு போடுகிறார்கள் என்றே நினைத்தார். இன்னொரு தாய்க்கு, தன் வீட்டுச் சமையலறையில் நிற்பது போலவும், வெளியே விளையாடும் மகனின் குரல் கேட்பது போலவும் இருந்தது. தென்னாப்பிரிக்க இளைஞர் ஒருவர், தன் ஊர்ப் பண்ணையில் சொந்தக்காரர்களோடு சிரித்துக் கொண்டிருந்தார். மாண்ட்ரியலில் படுத்திருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது!

எல்லாமே சாதாரண நாட்கள். நாம் கவனித்த ஒவ்வொன்றையும் மூளை டேப் ரிக்கார்டர் போலப் பதிந்து வைத்திருக்கிறது என்று பென்ஃபீல்டு நம்பினார். இதில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 1963ல் அவரே வெளியிட்ட கணக்குப்படி, அந்தப் பகுதியைத் தொட்டுப் பார்த்த 520 பேரில் 40 பேருக்குத்தான் இப்படி நடந்தது. சிலர் கண்டது நினைவா, கனவா என்றே சொல்ல முடியவில்லை.

உண்மை வேறு வழியில், வருத்தத்தோடு வந்தது. 1950களில் அவரிடம் வலிப்புக்கு ஆபரேஷன் செய்து கொண்ட ஒரு என்ஜினீயருக்கு, அறிவு குறையவில்லை. பழைய படிப்பும் மறக்கவில்லை. ஆனால், புதிதாக நடந்த எதுவும் மனதில் நிற்கவில்லை! என் நினைவை என்ன செய்தீர்கள் என்று அவர் டாக்டரைக் கேட்டார். பென்ஃபீல்டு ஆடிப் போனார். இதே ஆபரேஷன் செய்த மற்றவர்களுக்கு இப்படி ஆனதில்லையே!

அவர் இதை மூடி மறைக்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி அந்த என்ஜினீயரைச் சோதித்தார். மூளைக்குள் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்றாக, கடல் குதிரை போல வளைந்த பகுதி இருக்கிறது. பெயர் ஹிப்போகேம்பஸ். இடது பக்கத்தை ஆபரேஷனில் எடுத்தாயிற்று. வலது பக்கம் ஏற்கெனவே கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று இருவரும் ஊகித்தார்கள். இரண்டும் இல்லாவிட்டால் புது நினைவு உருவாகாது.

நீங்கள் சாப்பிட்ட சாதத்தின் வாசனை, நண்பனின் முகம், அவன் சொன்ன ஜோக் எல்லாம் மூளையின் வெவ்வேறு இடங்களுக்குப் போகின்றன. அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போடுவது ஹிப்போகேம்பஸ். நினைக்கும்போது துண்டுகள் மறுபடி ஒன்று சேருகின்றன. அதில் சில துண்டுகள் மாறியும் போகலாம். ஒரே கல்யாணத்தைப் பற்றி அத்தையும் மாமாவும் வேறு வேறு கதை சொல்கிறார்களே, அது இதனால்தான்.

அந்த என்ஜினீயர் 1964ல் இறந்தார். அவருடைய மூளையைச் சோதித்துப் பார்த்தபோது, வலது பக்க ஹிப்போகேம்பஸ் சுருங்கிப் போயிருந்தது. ஊகம் சரிதான்! தன் ஆபரேஷனால் ஒருவர் இழந்ததையும், அதிலிருந்து தெரிந்து கொண்டதையும் பென்ஃபீல்டு 1974ல் கட்டுரையாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 83. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976 ஏப்ரல் 5ல் மாண்ட்ரியலில் காலமானார்.