இறக்கையில் ஊர்ந்த சார்ஜன்ட்

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள். குண்டுவீச்சு விமானத்துக்குள் இருந்தவர்களின் கதையை வாசிக்க எனக்கு இலகுவில் மனம் வருவதில்லை. ஆனாலும் நோர்மன் ஜாக்சனைப் பற்றி வாசித்தபோது இடையில் நிறுத்த முடியவில்லை.

1919 இல் லண்டன் ஈலிங்கில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். தொழிலால் ஃபிட்டர். 1939 இல் பிரித்தானிய விமானப்படையின் தொண்டர் சேமப்படையில் சேர்ந்தார். அதிகாரியாக அல்ல, சாதாரண படைவீரராக. மேற்கு ஆபிரிக்காவின் ஃப்ரீடவுனில் கடல் விமானங்களைப் பழுதுபார்த்தபடியே போர்க்காலத்தைக் கழித்திருக்கலாம். தானாகக் கேட்டுப் பறப்புக் குழுவுக்கு மாறினார். லங்காஸ்டர் விமானத்தின் ஏழு பேரில், நான்கு இயந்திரங்களையும் எரிபொருளையும் கவனிப்பவர் அவர்.

1944 ஏப்ரல் 24 இல் அவருக்குரிய 30 பறப்புகளும் முடிந்துவிட்டன. ஒருமுறை வேறு குழுவுடன் பறந்திருந்ததால், சொந்தக் குழுவுக்கு இன்னும் ஒன்று மிச்சம். அவர்களோடு போனார். முதல் மகன் பிறந்த செய்தி அப்போதுதான் கிடைத்திருந்தது.

ஏப்ரல் 26 இரவு. இலக்கு, ஜேர்மனியில் போல் பெயரிங் தொழிற்சாலைகள் நிறைந்த ஷ்வைன்ஃபூர்ட். குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்புகையில் எதிரி விமானம் சுட்டது. இறக்கையில் எரிபொருள் தாங்கிக்கு அருகே தீ. ஜாக்சன் தீயணைப்புக் கருவியை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, 20,000 அடி உயரத்தில், மணிக்கு 200 மைல் வேகக் காற்றில் வெளியே ஊர்ந்தார். பரசூட் விமானத்துக்குள்ளேயே விரிந்துவிட்டது. தோழர்கள் அதன் கயிறுகளைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள். கருவி கைநழுவியது. முகமும் கைகளும் எரிந்தன. தீ அணையவில்லை. எரியும் பரசூட்டுடன் விழுந்தவருக்குக் கணுக்கால் முறிந்தது. விடிந்ததும் அருகிலிருந்த கிராமத்துக்கு ஊர்ந்துபோய்ப் பிடிபட்டார்.

பத்து மாதம் வைத்தியசாலையில். கைகள் முழுமையாகத் திரும்பவில்லை.

தானாக அவர் எதையும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. சிறையிலிருந்து மீண்ட நான்கு தோழர்கள் சொன்னபின்தான் வெளியே தெரிந்தது. 1945 இல் விக்டோரியா குரொஸ் கிடைத்தது. அதே நாளில் பதக்கம் பெற வந்திருந்த லியனார்ட் செஷயர் பெரிய அதிகாரி. ஆனாலும் இந்தச் சார்ஜன்ட்தான் முதலில் பெற வேண்டுமென்று மன்னரிடம் கேட்டாராம்.

ஷ்வைன்ஃபூர்ட்டில் அன்றிரவு கீழே இருந்தவர்களைப் பற்றிப் பதக்கக் குறிப்பு பேசுவதில்லை. எனக்கு அது உறுத்தியது.

பிறகு விஸ்கி விற்பனைப் பிரதிநிதியாக ஊரூராகத் திரிந்தார். ஏழு பிள்ளைகளை வளர்த்தார். 1994 இல் காலமானார். அவருடைய விமானியும் பின்பக்கத் துப்பாக்கிவீரரும் அந்த இரவிலிருந்து திரும்பவில்லை.